மஸ்டா எம்எக்ஸ்-5க்குப் புது காயிலோவர்: வாங்கும்முன் பயணத்தை அளந்துகொள்ளுங்கள்

1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, பிரிட்டன் சாலைகளில் இன்னும் நிறையவே ஓடுகிறது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன். ஓட்டுபவர் கை அசைத்த அடுத்த கணமே கார் திரும்ப வேண்டும் என்பதற்காகவே மஸ்டா பொறியாளர் தோஷிஹிகோ ஹிராயின் குழு இதை வடிவமைத்தது. அந்தத் துல்லியத்தைக் கெடுக்கத் தவறான காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் இணை) ஒரு செட் போதும்.

நான் வாங்கிய காரில், முந்தைய உரிமையாளர் மாட்டிய மலிவான செட் ஒன்று இருந்தது. முப்பது படிகளில் திருகிக்கொள்ளும் குமிழ், பளபளக்கும் நிறம், தரையைத் தொடும் உயரம். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சாலையின் ஒட்டுப்போட்ட இடங்களில் சக்கரம் துள்ளும். வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் பின்பக்கம் திடீரென வெளியே நழுவும். குமிழை எந்தப் படியில் வைத்தாலும் இதே கதை.

காரணம் பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பர் முழுதாக அழுந்தி உலோகம் உலோகத்தில் மோதாமல் இருக்க, அதன் தண்டில் ஒரு நுரைக்கட்டை இருக்கும். இந்த மாடலில் சஸ்பென்ஷன் பயணம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே குறைவு. இன்னும் தாழ்த்தினால் மிச்சமிருப்பதும் போய், சாதாரண வளைவிலேயே கார் அந்த நுரைக்கட்டைமேல் உட்கார்ந்துவிடும். அந்தக் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு எகிறும், டயர் பிடியை விட்டுவிடும். ஷாக்கில் எண்ணெய் எவ்வளவு இறுக்கமாக ஓடுகிறது என்பதை மட்டுமே மாற்றும் குமிழால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே காயிலோவர் தேடுகிறவர்கள் படிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், கார் நிற்கப்போகும் உயரத்தில் பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை எத்தனை மி.மீ. பயணம் மிச்சம் என்று கேளுங்கள். விற்பவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பொருளைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது, உயரத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்பது. சில வகைகளில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை மரையில் ஏற்றி இறக்க வேண்டும். இறக்கிய ஒவ்வொரு மி.மீ.யும் ஷாக்கின் மேல்நோக்கிய பயணத்திலிருந்தே கழியும். வேறு சிலவற்றில் அடிப்பகுதியே தனியாகத் திருகி நீளும், சுருங்கும். ஷாக்கின் பயணம் மாறாது. ஆனால் டயர் மட்கார்டில் உரசும் எல்லை இரண்டுக்கும் ஒன்றுதான். வளையத்தை மேலே முறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். சீரான சுருள் ஸ்பிரிங்கில் அது நடக்காது. மேலே இருக்கும் எடை மாறாதபோது ஸ்பிரிங்கும் அதே அளவுதான் அழுந்தும். கார் உயரும், அவ்வளவே.

ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறிக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். எம்எக்ஸ்-5இன் முன்சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஷாக் ஏறத்தாழ 7 மி.மீ.தான் அழுந்தும். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெட்டியில் 8 என்று அச்சிட்டிருந்தால் சக்கரத்துக்குக் கிடைப்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. டொயோட்டா 86இன் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். அங்கே சக்கரமும் ஷாக்கும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று நகரும். அந்தக் காரின் ஸ்பிரிங் எண்ணை இந்தக் காருக்கு எடுத்துவந்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

நான் தேர்ந்தெடுத்தது பில்ஸ்டீன் பி14. ஒற்றைக்குழல் வகை: ஒரே குழாய்க்குள் எண்ணெய், அதற்கடுத்து ஒரு மிதக்கும் பிஸ்டன், அதன் பின்னால் அழுத்தமேற்றிய நைட்ரஜன். எண்ணெய் நுரைக்காது, மலைச்சாலையில் விடாமல் ஓட்டினாலும் சோராது. இதில் குமிழே இல்லை. ஸ்பிரிங்குக்கு ஏற்ற டாம்பிங்கை (எண்ணெய் ஓட்டத்தின் இறுக்கத்தை) தொழிற்சாலையே முடிவு செய்து மூடிவிடுகிறது. பலருக்கு இது குறையாகப் படும். தெருவில் ஓட்டுபவருக்கு இது நிறை என்பேன். ரேஸ் டிராக்கில் ஸ்பிரிங் மாற்றி மாற்றிப் பார்ப்பவர், திரும்பும் டாம்பிங்கையும் அழுந்தும் டாம்பிங்கையும் தனித்தனியே திருத்தக்கூடிய கேடபிள்யூ வேரியன்ட் 3 வகையை நாடலாம். ஒலின்ஸ் ரோடு அண்ட் டிராக், ஒரே குமிழோடு இரண்டு உலகுக்கும் பொருந்துகிறது. பணம் இடம் கொடுத்தால் அதைத்தான் சொல்வேன்.

மாட்டும்போது மேல் மவுண்டுகளை இரண்டாம் தலைமுறைக் காருடையதாக மாற்றினேன். சிறிய செலவுதான், அதற்கே ஷாக்குக்குக் கூடுதல் பயணம் கிடைக்கிறது. உயரத்தைப் பழைய தொழிற்சாலை அளவிலிருந்து சுமார் 25 மி.மீ. மட்டும் குறைத்தேன். அதற்குமேல் இறக்கினால் விஷ்போன்களின் கோணம் கெட்டு, சாய்வு மையம் (வளைவில் காரின் உடல் சாயும் புள்ளி) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். அப்போது தாழ்ந்த கார் முன்னைவிட அதிகம் சாய முனையும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் தேட வேண்டிவரும்.

ஒரு வேலையைப் பல கேரேஜ்கள் விட்டுவிடுகின்றன. விஷ்போன் புஷ்கள் ரப்பர். அவை இரும்புக் குழலோடு ஒட்டப்பட்டவை, முறுகித்தான் அசையும். உயரம் மாறியபின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் எடையில் நிற்கும் நிலையில் மறுபடி முறுக்க வேண்டும். செய்யாவிட்டால் புஷ் நிரந்தரமாகத் திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

இனி அலைன்மென்ட். செலவழித்த பணத்தில் பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது. இந்தக் காரின் பெரிய வரம், நான்கு சக்கரங்களிலும் கீழ் விஷ்போன்களில் உள்ள கேம் போல்ட்டுகள். முன்னே கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு), டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மூன்றையும், பின்னே கேம்பர், டோ இரண்டையும் கூடுதல் பாகம் எதுவும் வாங்காமலே திருத்தலாம். பிரிட்டனின் குளிர்காலச் சாலை உப்பில் அந்த போல்ட்டுகள் உறைந்துபோயிருக்கும் என்பது வேறு விஷயம். அலைன்மென்ட்டுக்கு நேரம் குறிப்பதற்கு முன் அவை சுழல்கின்றனவா என்று பாருங்கள். சுழலாவிட்டால் புது போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

முன்னே ஒரு கேமைத் தொட்டால் கேம்பரும் காஸ்டரும் சேர்ந்தே நகரும், அதனால் பொறுமையான கை வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு மணல் மூட்டை வைத்து, முதலில் உயரம், பிறகு கேம்பரும் காஸ்டரும், கடைசியாக டோ என்ற வரிசையில் செய்யச் சொன்னேன். முன் கேம்பர் மைனஸ் 1.3 டிகிரி, காஸ்டர் 5, டோ பூஜ்யம். பின் கேம்பர் மைனஸ் 1.6, இரு சக்கரமும் சேர்த்து 2 மி.மீ. உள்நோக்கிய டோ. பின்னே கேம்பர் சற்றுக் கூடுதலாக இருந்தால் மழையிலும் பின்பக்கம் நிலையாக இருக்கும். டிராக்குக்கென்றே ஓட்டுபவர் முன்னே மைனஸ் 2.5க்கு மேல் போவார். தெருவில் அது தேவையில்லை.

டயர் உள்பக்கம் தேய்ந்தால் கேம்பர்மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி டோ. 185/60ஆர்14 டயரில் 0.1 டிகிரி என்பது வெறும் 1 மி.மீ. அந்தக் கோணத்தில் உருளும் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 1.75 மீட்டர் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 17 கிலோமீட்டருக்கும் மேல்! அதனால் அலைன்மென்ட் தாளில் பச்சை நிறம் வந்ததும் திருப்திப்பட்டுவிடாமல், இடது, வலது டோ எண்களைத் தனித்தனியாகப் படியுங்கள்.

வேல்ஸில் லாங்கடாக்கிலிருந்து தெற்கே ஏறும் ஏ4069 மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போனால் பி14 சற்று இறுக்கமாகவே இருக்கிறது. நகரத்துக் குழிகளை முதுகு உணரும். வேகம் கூடக்கூட அந்த இறுக்கம் மறைகிறது. வளைவின் நடுவில் மேடு வந்தாலும் சக்கரம் ஏறி இறங்கி ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது, ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியதில்லை. பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பும்போது முன்டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது உள்ளங்கையில் தெரிகிறது. இந்தக் கார் எதற்காகப் பிறந்ததோ அது திரும்பக் கிடைத்துவிட்டது.

புது ஸ்பிரிங் கொஞ்சம் அமரும் என்பதால் சில நூறு மைல் ஓடியபின் உயரத்தையும் டோவையும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இந்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விபத்தின்போது இழப்பீட்டையே மறுக்கலாம். உப்பு தூவும் மாதங்களுக்கு முன் வளையத்தின் மரையைக் கழுவி, துருத் தடுப்புக் கிரீஸ் பூசிவிடுங்கள்.