பொனற்றைத் திறந்தால் எல்லாம் தெரியும்: மொரிஸ் மைனர் 1000

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றதும் பலர் வாயில் முதலில் வருவது ஒஸ்ரின் ஏ-40. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டில் பெற்றோல் அருமருந்தாகிவிட்டது. அப்போதும் அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் போகும். இது கண்ணை மூடிக்கொண்டு செய்த துணிச்சல் அல்ல. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குக் கூடிய சூடு வேண்டும். அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டும். ஏ-40இன் அமுக்க விகிதம் 7.2:1 தான் என்பதால் அது தாங்கியது. பிரித்தானியாவில் 1949இல் வந்த ஃபெர்குசன் உழவு இயந்திர வகை ஒன்றும் பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளுக்கு மாற்றும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டதுதான். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும்.

அந்தத் தலைமுறை எஞ்சின்களைத் தானே பழுதுபார்த்துப் பழக இன்று ஒருவர் விரும்பினால், ஏ-40ஐ விட மொரிஸ் மைனர் 1000 நல்ல தேர்வு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. 1956இல் 948 சிசி எஞ்சினோடு ‘மைனர் 1000’ ஆனது. 1962இல் 1098 சிசியும் 48 குதிரைவலுவும் கிடைத்தன. வாங்குவதானால் இந்தக் கடைசி வகையைத் தேடுவது நல்லது. பொனற்றைத் திறந்தால் எஞ்சினின் இரு பக்கமும் கை தாராளமாகப் போகும். காபரேற்றர், டிஸ்ரிபியூற்றர், டைனமோ எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். மறைந்திருக்கும் கணினி எதுவும் இல்லை.

புதிதாகப் பழகுபவர்கள் எஞ்சின் திக்கினால் உடனே காபரேற்றரைத்தான் திருகுவார்கள். அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் வால்வு, அடுத்தது பொயின்ற், பிறகு தீப்பொறி நேரம், அதற்குப் பிறகே காபரேற்றர். முன்னையது சரியாகாமல் அடுத்ததைச் சரிசெய்ய முடியாது.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரப்பெற், அதாவது வால்வு இடைவெளி, பார்க்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னாலுள்ள துளையில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். எட்டு வால்வுகளுக்கும் ஒன்பதுதான் கணக்கு: எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைப் பார்க்க வேண்டும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இடைவெளி 0.012 அங்குலம். பீலர் தகடு இலேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். தொளதொளவென்றும் போகக்கூடாது, இறுகவும் கூடாது. இலங்கையில் 2002இல் பெற்றோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்ட பிறகு இந்த வேலை இன்னும் அவசியமாகிவிட்டது. ஈயம் இல்லாதபோது, பழைய வார்ப்பிரும்புத் தலையில் எக்ஸோஸ்ற் வால்வு தன் இருக்கையை மெல்ல மெல்லத் தின்று உள்ளே இறங்கும், இடைவெளி குறுகும். டக் டக் என்று சத்தம் போடும் வால்வால் பெரிய ஆபத்தில்லை. சத்தமே இல்லாமல் அமைதியாகிவிட்ட வால்வுதான் எரியப்போகிறது.

டிஸ்ரிபியூற்றர் பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலம். தீப்பொறி நேரத்தைப் பார்க்கச் சிறு 12 வோல்ற் மின்குமிழ் போதும்: ஒரு வயரை டிஸ்ரிபியூற்றரின் பக்க முனையிலும் மற்றதை உடலிலும் வைத்து, சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். பொயின்ற் திறக்கும் கணத்தில் குமிழ் எரியும். பற்றரி மாற்றும்போது மட்டும் கவனம்: மைனரில் உடலோடு சேர்வது நேர்முனை. இன்றைய கார்களின் பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடக்கூடாது.

கடைசியாக எஸ்யூ காபரேற்றர். இந்தக் காரின் ஆகச் சிறந்த ஆசிரியர் இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், பக்கத்திலுள்ள சிறு ஊசியால் உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. திணறி நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. கீழேயுள்ள ஆறுபக்க நட்டை ஒவ்வொரு பக்கமாக மட்டும் திருப்ப வேண்டும்: மேலேற்றினால் பெற்றோல் குறையும், கீழிறக்கினால் கூடும். ஓடி வந்து பிளக்கைக் கழற்றினால் முனை இளம் பழுப்பாக இருக்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெற்றோல் வீணாகிறது. 2022 நெருக்கடியில் கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது இந்த நட்டின் அருமை நன்றாகத் தெரிந்திருக்கும்.

குடாநாட்டுக்கென்று தனியாக ஒரு வேலையும் உண்டு. சுண்ணாம்புக் கல்லிலிருந்து வரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்குள் ஊற்றவே கூடாது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு எஞ்சினின் நீர்ப்பாதையிலும் படியும். மாரி மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்தால் போதும்.

ஒழுங்காகச் செய்த மைனர் பருத்தித்துறை வீதியில் தன் பாட்டில் இனிமையாக ஓடும். ஸ்ரியரிங் துல்லியமானது, பற்சட்டமும் பற்சக்கரமும் சேர்ந்த (றாக் அன்ட் பினியன்) அமைப்பு என்பதால் வீதியை உள்ளங்கையில் உணரலாம். பிரேக் அப்படியல்ல. நான்கு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக், உதவி அழுத்தம் எதுவும் கிடையாது; முன்னால் போகும் முச்சக்கரவண்டி திடீரென்று நின்றால் காலில் பலம் வேண்டும். அதன் மாஸ்ரர் சிலிண்டரும் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எஞ்சினை இவ்வளவு திறந்து வைத்தவர்கள் இதை ஏன் அங்கே புதைத்தார்களோ தெரியவில்லை.

வாங்கப் போகிறவர் எஞ்சினில் மயங்கவேண்டாம், அதைத் திருத்தலாம். முதலில் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழ்ப்பகுதியிலும் ஜாக் வைக்கும் இடத்திலும் பின் ஸ்பிரிங் பொருந்தும் இடங்களிலும் உப்புக் காற்று துருவாக வேலை செய்திருக்கும். ஸ்குறூட்றைவரால் குத்திப் பார்த்தால் தெரியும். பிறகு முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் மூட்டான ட்ரனியனுக்குக் கிறீஸ் அடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் காணாத ட்ரனியன் கழன்றால் சக்கரம் மடிந்து கார் வீதியிலேயே உட்கார்ந்துவிடும்.