வெள்ளிக்கிழமை யாருடையது? – ஒரு டிவி ரசிகனின் வாரக் குறிப்புகள்

நான் டிவி பார்க்கிறவன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நம்முடைய வட்டாரத்தில் இது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய சமாச்சாரம். சினிமா பார்க்கலாம், ஐரோப்பியப் படமாக இருந்தால் அதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதவும் செய்யலாம். டிவியை மட்டும் ‘நம்ம வீட்ல ஓடும், நான் பார்க்கிறதில்ல’ என்று சொல்லித்தான் பழக்கம். அப்படிச் சொல்லும் நண்பர்கள் பலருக்கு எந்த சீரியலில் எந்த மருமகள் எந்த வாரம் வீட்டை விட்டு வெளியேறினாள் என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. எப்படி என்று கேட்டால் ‘காதுல விழுந்தது’ என்கிறார்கள். இந்தக் காதில் விழுதல் சாதாரண விஷயமில்லை, பின்னால் வருகிறேன்.

வெகுஜன ஊடகம் பற்றிய நமது விமர்சனங்கள் பெரும்பாலும் பிரதியை மட்டுமே எடுத்துப் பேசுகின்றன. சீரியலில் பெண் எப்படிக் கட்டமைக்கப்படுகிறாள், விளம்பரத்தில் நுகர்வு எப்படி ஆசையாக மாற்றப்படுகிறது என்றெல்லாம். தவறில்லை. ஆனால் டிவியைப் பார்க்கிற எவரும் ஒரு தனிப் பிரதியைப் பார்ப்பதில்லை. ‘இந்த வாரம் என்ன?’ என்றுதான் பார்க்கிறார்கள். அதாவது ஒரு கால ஒழுங்குக்குள் நுழைகிறார்கள். ரேமண்ட் வில்லியம்ஸ் இதைக் கண்டுகொண்டவர். வேல்ஸ் நாட்டில் ரயில்வே சிக்னல்காரரின் மகனாகப் பிறந்து கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திய அந்த மார்க்சியர், 1968 முதல் 1972 வரை ‘லிஸ்னர்’ பத்திரிகையில் மாதாமாதம் டிவி பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நாய்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் உட்பட எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அமெரிக்கா போனபோது, மியாமியில் ஓர் இரவு, கப்பல் பயணக் களைப்போடு ஒரு படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். நடுவே விளம்பரங்களும், வேறு படங்களின் முன்னோட்டங்களும் மாறிமாறி வந்ததில் எது எந்தப் படத்தின் காட்சி என்றே அவருக்குக் குழம்பிப்போனது. அந்தக் குழப்பத்திலிருந்துதான் ‘ஒழுக்கு’ என்ற கருத்தாக்கம் பிறந்தது. டிவியின் அலகு நிகழ்ச்சி அல்ல, நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று கலந்து ஓடும் ஓட்டம் என்பது அவர் வாதம். 1974இல் வந்த அவருடைய நூலின் மையமே இதுதான். டிவி பார்க்காமல் இதைச் சொல்லியிருக்க முடியாது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

நம்ம ஊர்க் கதை வேறு. நமக்கு முதலில் கிடைத்தது ஒழுக்கு அல்ல, சொட்டு.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்துக்கு அது வந்துசேர எண்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானல் கோபுரம் எழ வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் உயரமான கம்பம் நட்டு ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்த வீடுகள் ஒன்றிரண்டு உண்டு. அந்த நாட்களில் டிவி வாரத்துக்கு ஒரு முகம் கொடுத்தது. செவ்வாய் என்றால் நாடகம். புதன் சித்ரஹார். வெள்ளி ‘ஒலியும் ஒளியும்’. ஞாயிறு சாயந்திரம் தமிழ்ப் படம். மிச்ச நேரமெல்லாம் ‘வயலும் வாழ்வும்’, ஹிந்திச் செய்தி, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. வரும் வாரம் என்னென்ன என்று சொல்வதற்கே ‘முன்னோட்டம்’ என்று ஒரு நிகழ்ச்சி. அதற்கும் கூட்டம் கூடும். படத்தின் பேரைச் சொல்வதற்கு முன்னால் அந்த அறிவிப்பாளர் எடுத்துக்கொள்ளும் ஒரு நொடியில் எங்கள் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிவாஜி படமா, எம்.ஜி.ஆர். படமா? பெயரே தெரியாத ஏதோ ஒரு படம் என்றால் ‘ஏ… போ’ என்று கலைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறுபத்திரிகைக்காரர்கள் தூர்தர்ஷனுக்குப் பட்ட கடன் ஒன்று இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை. ஞாயிறு பிற்பகலில் பிற மொழி விருதுப் படங்கள் போடுவார்கள். ஊர் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். ரித்விக் கட்டக், சத்யஜித் ராய், அடூர் என்ற பெயர்களெல்லாம் திரைப்படச் சங்கங்கள் இல்லாத ஊர்களில் எங்களுக்கு அந்த மதியத் தூக்க நேரத்தில்தான் அறிமுகமாயின. அரசாங்கம் எங்களுக்காகத் திட்டமிட்டுச் செய்த காரியமில்லை அது. வேறு எந்த நேரத்திலும் போட முடியாத படங்களை யாரும் பார்க்காத நேரத்தில் போட்டார்கள், நாங்கள் விழித்திருந்தோம்.

எங்கள் ஊரில் டிவி பஞ்சாயத்து அறையில் இருந்தது. மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், சாவி ஒருவரிடம். வெள்ளிக்கிழமை அந்தச் சாவிக்காரர் ஊரிலேயே பெரிய மனுஷன். அறைக்குள் பாயில் ஊர்ப் பிள்ளைகள். திண்ணையில் பெரியவர்கள். காலனிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. யாரும் ‘வராதே’ என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அதிகாரம் நன்றாக வேலை செய்யும்போது சத்தம் போடாது என்பதைப் பின்னால் புத்தகங்களில் படித்தபோது எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது. ஒளிபரப்பு தடைபட்டால் வருத்தம் தெரிவிக்கிற அட்டை ஒன்று இருந்தது. இந்தத் தடங்கலுக்கு அட்டை கிடையாது. ஒரே பாட்டை, ஒரே நேரத்தில், ஒரே பெட்டியில் ஊர் முழுக்கப் பார்த்தது உண்மை. அதை வைத்து ‘டிவி எல்லோரையும் ஒன்றாக்கியது’ என்று எழுதுகிறவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

2006க்குப் பிறகு தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தபோது நம் நண்பர்கள் எத்தனை பேர் கேலி செய்தார்கள்! மக்களைச் சோம்பேறியாக்கும் திட்டம், கேபிள் வியாபாரத்துக்கான சந்தை என்றெல்லாம். சந்தை என்பது சரிதான், யாருக்கு லாபம் என்பதும் ரகசியமில்லை. ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் வீட்டுக்குள் ஒரு பெட்டி வந்ததும், அவன் தன் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்ததும் அந்தக் கேலியின் கணக்கில் எங்கே வந்தது? சோம்பேறியாவதற்கான உரிமையும்கூட நம் ஊரில் சாதி பார்த்துத்தான் வழங்கப்பட்டிருக்கிறது.

ஞாயிறு காலைக்கு வருவோம். 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலை வரை ராமானந்த் சாகரின் ராமாயணம். அதைத் தொடர்ந்து 1990 வரை மகாபாரதம். இவை இந்துத்துவ அரசியலுக்குக் களம் அமைத்துக் கொடுத்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அர்விந்த் ராஜகோபால் 2001இல் ஒரு முழு நூலே எழுதினார். அந்த வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெருங்கதையாடலுக்குள்ளேயே நடந்த ஒரு விஷயத்தை நாம் சீக்கிரமாகத் தாண்டிப்போய்விட்டோம். ராமனின் பட்டாபிஷேகத்தோடு தொடர் முடியப்போகிறது என்று தெரிந்ததும் பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லவகுசர் கதையையும் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை. வால்மீகியைத் தம் முன்னோராகக் கருதும் மக்கள் அவர்கள். காட்டில் சீதைக்கு அடைக்கலம் கொடுத்தவர், பிள்ளைகளை வளர்த்தவர், கதையைச் சொன்னவர் வால்மீகி. அவரை விட்டுவிட்டு என்ன ராமாயணம்? தொடர் பிறகு உத்தர காண்டத்துக்கும் நீண்டது.

இதை எப்படி வாசிப்பது? மதப் பிரதிக்குள் மேலும் ஆழமாகச் சிக்கிக்கொண்டார்கள் என்று ஒரு பகுத்தறிவாளர் சொல்லலாம். இருக்கலாம். நான் பார்ப்பது வேறு. நிகழ்ச்சி நிரல் டெல்லியில் தயாராகிறது, வாரம் முழுக்க நாடு அதற்குக் காத்திருக்கிறது. அந்த நிரலில் தமக்கொரு வாரம் வேண்டும் என்று குப்பை அள்ளும் தொழிலாளர்கள் தம் உழைப்பை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். ‘எதிரொலி’க்குக் கடிதம் போட்டு, ‘ஆவன செய்கிறோம்’ என்ற பதிலுக்குக் காத்திருந்த நம்மை விடத் தெளிவான பார்வையாளர்கள் அவர்கள்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. கொஞ்ச காலத்துக்கு வாரத்தின் முகம் அப்படியே இருந்தது. வாரம் ஒரு முறை வருகிற தொடர்கள். ‘மர்மதேசம்’ பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரை யார் கொலைகாரன் என்று டீக்கடையில் அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஏழு நாள் இடைவெளியில் பார்வையாளர்களும் கதை எழுதினார்கள். தூர்தர்ஷன் பக்கம் ‘ஜூனூன்’ டப்பிங்கில் வினைச்சொல் முன்னால் வந்து விழுந்து, தமிழ் வாக்கியம் தலைகீழாக நின்றது. ஊரே அந்தத் தமிழைப் பேசிச் சிரித்தது. அதையும் மொழியழிப்பு என்று திட்டினோம். சிரித்தவர்களுக்கு இலக்கணம் தெரிந்திருந்தது என்பதை யோசிக்கவில்லை.

1999இல் ‘சித்தி’ வந்த பிறகு வாரம் உடைந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். 2002 முதல் 2005 வரை ‘மெட்டி ஒலி’. ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா, கல்யாணம், மாமியார் வீடு, அழுகை. இங்கேதான் என் அத்தையைக் கொண்டுவர வேண்டும்.

அத்தை பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும் நூலும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ‘மெட்டி ஒலி’ ஓடும்போது பக்கத்து வீட்டுப் பெண்களும் சுளகோடு வந்துவிடுவார்கள். ஒருவரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். கண் இலையில், விரல் நூலில். நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கேட்டேன், பார்க்காம என்னத்துக்குப் போட்டு வச்சிருக்கீங்கன்னு. அத்தை நிமிரவே இல்லை. “ஏல, அவ அழுதா நமக்குக் கேக்கும்லா. பாக்க வேற செய்யணுமாக்கும்?” என்றாள்.

சீரியலின் வடிவம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று தடவை சொல்வது, வசனமில்லாத காட்சியே இல்லாமலிருப்பது, கோபத்துக்கு ஓர் இசை, துரோகத்துக்கு ஓர் இசை என்று தடதடவென அடிப்பது எல்லாவற்றையும் கலைக்குறை என்று நாம் பட்டியல் போட்டோம். கை வேலையில் இருக்கிறவளின் காதுக்கு இவையெல்லாம் வேண்டியிருக்கிறது. சீரியல் தயாரிப்பாளர்கள் பீடித் தொழிலாளியை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நினைத்தது சோப்பு விற்பவரை. ஆனால் வடிவம் என்பது செய்தவன் நினைப்போடு நின்றுவிடுவதில்லை. நம்முடைய ‘காதுல விழுந்தது’ நண்பர்களும் ஒருவகையில் சரியான பார்வையாளர்கள்தான், கையில் வேலையில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

அந்தச் சமயத்தில் கூலி உயர்வுக்காகத் தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். ராத்திரி எட்டு மணிக்குமேல்தான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று அந்த நேரத்தை வைத்தோம். பெண்கள் வரவில்லை. தோழர் ஒருவர் மைக்கிலேயே சீரியலைத் திட்டினார். போதை, சாராயத்தைவிட மோசமான போதை என்றார். நானும் தலையாட்டினேன். (வீட்டுக்கு ஓடி அன்றைய எபிசோடின் கடைசிக் காட்சியையாவது பிடித்துவிடலாமா என்று எனக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு கதை.) மறுநாள் அத்தையிடம் சண்டைக்குப் போனேன். அவள் சொன்னது:

“சீரியல் பாத்தா கை ஓடும். ஒங்க கூட்டத்துக்கு வந்தா கையக் கட்டிக்கிட்டுல்லா உக்காரணும்? அந்த ரெண்டு மணி நேரப் பீடிக்கு ஒங்க தலைவரா காசு குடுப்பாரு?”

எனக்குப் பதில் இல்லை. கூலி உயர்வு பேசப் போன நாங்கள் கூட்டத்துக்கு ஆகும் கூலியைக் கணக்கிடவில்லை. அடுத்த வாரம் சுளகோடு வரச் சொன்னோம். கூட்டத்தை அத்தை வீட்டுத் திண்ணையில் வைத்தோம், சீரியலுக்கு முந்தின அரை மணி. பேசுகிறவர்கள் நீட்டி முழக்க முடியவில்லை. தலைப்பிசை கேட்டதும் முடித்தாக வேண்டும். எங்கள் தோழர்கள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. எல்லாப் பெண்களும் வந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். முன்னைக்கு இப்போது ஏழெட்டுப் பேர் கூடுதல்.

அண்மைக்காலத்தில் நான் விடாமல் பார்த்தது ‘எதிர்நீச்சல்’. 2022 முதல் 2024 வரை ஓடியது. படித்த மருமகள்களை அடுக்களைக்குள் அடைத்து வைக்கிற மூத்தவர் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். பிரதியின்படி அவர் வில்லன். ஆனால் ஆண்கள் அந்த அதட்டலை வெட்டி ஒட்டி மீம் ஆக்கிக் கொண்டாடினார்கள். மருமகள்களுக்காகப் பார்த்த பெண்களின் சீரியல் ஒன்று, குணசேகரனுக்காகச் செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்த ஆண்களின் சீரியல் இன்னொன்று என்று ஒரே பிரதி இரண்டாகப் பிளந்தது. 2023 செப்டம்பரில் மாரிமுத்து திடீரென்று இறந்தபோது எழுந்த துக்கம் உண்மையானது, நல்ல நடிகர். அந்தத் துக்கத்தில் கொஞ்சம், அதட்டிக் கேட்க ஆளில்லாமல் போன வீட்டு ஆண்களின் துக்கமும் கலந்திருந்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இப்போது வாரமும் இல்லை, நாளும் இல்லை. செயலியில் மொத்தத் தொடரும் ஒரே ராத்திரியில் கிடைக்கிறது. வாரம் பார்ப்பவரிடமிருந்து போய்விட்டது என்று நினைத்தால், அது வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது. வியாழக்கிழமைகளில் வெளிவரும் டி.ஆர்.பி. கணக்கில். யார் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை வாராவாரம் வருகிறது, அதை வைத்து ஒரு பாத்திரம் சாகிறது, ஒரு தொடர் அவசரமாக முடிக்கப்படுகிறது. நடிகைக்கும் லைட்மேனுக்கும் அந்த வியாழக்கிழமைதான் வேலை உறுதி. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது பழைய ‘மெட்டி ஒலி’யைத் திரும்பப் போட்டார்கள், டெல்லியில் ராமாயணத்தைப் போட்டார்கள். திரை நிறைந்திருந்தது, வேலை செய்தவர்கள் வீட்டில் கிடந்தார்கள்.

அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, பீடியை விட்டாயிற்று. பேத்தி செல்போனில் நாளை வரப்போகிற எபிசோடை முந்தின நாளே போட்டுக் காட்டினாள். அத்தை பாதியில் நிறுத்தச் சொன்னாள். “நாளைக்கு எல்லாரும் வருவாளுவல்லா, அப்பம் பாப்போம்” என்றாள். யாரும் வருவதில்லை, அவரவர் வீட்டில் அவரவர் டிவி. ஆனாலும் மறுநாள் அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நானும் கூட உட்கார்ந்தேன்.