வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீடு

புதுச்சேரிக்கு வருகிறவர்களின் கால்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்தே நடக்கின்றன. மஞ்சள் சுவர்களும் அவற்றின் மேல் வழியும் காகிதப்பூக் கொடிகளுமாகப் பிரெஞ்சுப் பகுதி அவர்களை அழைத்துக்கொள்கிறது. அந்த அழகையும் நான் விரும்புகிறவன்தான். ஆனாலும் என் மனம் குடிகொண்டது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். அங்கே பெருமாள் கோயில் தெருவில், நூறாண்டு கடந்த ஒரு பெரிய வீட்டைச் சீர்செய்து தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். மேசோன் பெருமாள் என்பது அதன் பெயர். வாருங்கள், அந்த வீட்டை நிதானமாகப் பார்ப்போம்.

உள்ளே நுழைய அவசரம் வேண்டாம். தெருவிலேயே ரசிக்க நிறைய இருக்கிறது. இந்தப் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றுக்கு முகப்பில் தாழ்வாரம் உண்டு. மரக்கால்கள் தாங்க, ஓட்டுக்கூரை தெருவை நோக்கிப் பணிவாகச் சரிந்து இறங்கும். அதன் நிழல் வழியோடு போகிறவர்களுக்கு. அதை அடுத்த திண்ணை, வந்து அமர்கிறவர்களுக்கு. அதற்கும் உள்ளே இருக்கும் கூடம் உறவுக்கும் நட்புக்கும். ஒரு மனிதரைப் படிப்படியாக உள்ளே அழைத்துக்கொள்ளும் இந்த இங்கிதத்தைக் கல்லிலும் மரத்திலும் எழுதிவைத்த கொத்தர்களை எண்ணி எண்ணி வியக்கிறேன். முன்பின் அறியாதவருக்கும் திண்ணை வைத்துக் கட்டிய வீடு ஒருநாள் விடுதியாவது எவ்வளவு பொருத்தம்!

இப்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. மேல்தளத்தில் பிரெஞ்சுச் சாயல். கீழே தூணும் திண்ணையும் என்றால், மேலே வளைவுச் சன்னல்களும் சுதை வேலைப்பாடுகளும். இரண்டு நாட்டுக் கட்டடக்கலைகள் ஒரே சுவரில் சண்டையின்றி வாழ்கின்றன. இந்தக் கலப்பு இவ்வூருக்கு மிகப் பழையது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, நாட்குறிப்பால் அழியாப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 1730களில் எழுந்தது. அங்கும் கீழே மரத்தூண்கள், மேலே வெண்ணிறக் காரைத் தூண்கள். அன்று தொடங்கிய அந்த நயமான உரையாடல் இந்த முகப்பிலும் கேட்கிறது.

நிலைவாசலைத் தாண்டியதும் ஒரு குளிர்ந்த மங்கல் நம்மைச் சூழ்கிறது. வெயிலில் கூசிய கண் அங்கே இளைப்பாறுகிறது. இன்னும் சில அடிகள் நடந்தால் முற்றம். வானத்திலிருந்து நேராக இறங்கும் பொன்னொளி. தெருவின் வெளிச்சம், நடையின் இருள், முற்றத்தின் ஒளி என்று மூன்றையும் அளந்து அடுக்கியிருக்கிறார்கள். இடையில் அந்த மங்கல் இல்லாவிட்டால் முற்றத்தின் ஒளி இத்தனை இனித்திருக்காது. காலையில் ஒரு சுவரைத் தொடும் வெளிச்சம் உச்சிவேளையில் தரையில் நிறைந்து, மாலையில் எதிர்ச்சுவரில் ஏறும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து போக, அறைகளின் ஊடே இளங்காற்று நுழைந்துகொண்டே இருக்கும். அழகும் பயனும் பிரிக்க முடியாதபடி கலந்த இடம் அது.

முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்களை விரலால் தொட்டுப் பார்க்காமல் நகர முடியாது. ஆண்டுகளும் உள்ளங்கைகளும் பட்டுப்பட்டு மரம் கருமையேறி மினுங்குகிறது. தூணும் உத்திரமும் சந்திக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் போதிகையை மட்டும் சற்று நேரம் பாருங்கள். மேலிருந்து இறங்கும் பாரத்தை இருபுறமும் கை விரித்து வாங்கிக்கொண்டு தூணிடம் சேர்க்கிறது. பாரம் சுமக்கும் வேலைக்கு வெறும் கட்டையே போதும். ஆனாலும் தச்சர் அதன் விளிம்பை வளைத்து, நுனியைச் செதுக்கி, சுமையே தெரியாதபடி செய்துவிடுகிறார்.

கட்டிலில் சாய்ந்தால் கண்ணில் படுவது மச்சு. இவ்வூர்ப் பழைய வீடுகளின் மச்சைக் கட்டைக்குத்து என்பார்கள். வரிசையாக மர உத்திரங்கள். அவற்றுக்கு மேலே ஓரங்குலம் மட்டுமே தடிமன் உள்ள சின்னஞ்சிறு செங்கற்கள், சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில், மூலைவாட்டமாக நிறுத்தப்பட்டிருக்கும். அடியில் பலகை முட்டுக் கொடுக்காமலே, ஒரு வரிசையைப் பற்றிக்கொண்டு அடுத்த வரிசை நிற்கும்படி கொத்தனார் கட்டிக்கொண்டே போவார். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் தட்டித்தட்டி இறுக்குவார்கள். கடைசியில் மழைநீர் இறங்காதபடி தட்டோடு. எத்தனை பேரின் பொறுமை நம் தலைக்கு மேல் கூரையாக நிற்கிறது!

சுவர்களின் வெண்மைக்கும் ஒரு தனி மென்மை உண்டு. நன்றாக அரைத்த சுண்ணாம்பைப் பல பூச்சுகளாக ஏற்றி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது இந்தக் கடற்கரை ஊர்களின் பழைய கைத்திறன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை அடைத்துவைக்காது. வாங்கிய ஈரத்தைத் தானே வெளியே விடும். உப்புக்காற்று ஓயாத ஊரில் இந்த வீடுகள் தலைமுறைகளைக் கடந்து நின்றதில் அந்தக் குணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. விளக்கொளி அதன்மேல் விழும்போது கண்ணைக் குத்தாமல் பாலாகப் பரவுகிறது.

வண்ணக் கண்ணாடிகளையும் சொல்லியாக வேண்டும். வெயில் அவற்றைக் கடக்கும்போது சிவப்பும் பச்சையும் நீலமுமாக உருகித் தரையில் சிந்துகிறது. பொழுது நகர நகர அந்த நிறத்துண்டுகளும் மெல்ல நகர்கின்றன. ஒரு பிற்பகல் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் கைகூப்புவது சீர்செய்தவர்களின் அடக்கத்துக்கு. இந்தக் காலத்து வசதிகள் எல்லாம் உள்ளே வந்திருக்கின்றன. பழைய கோடுகளில் ஒன்றும் கலையவில்லை. பழுதானதை மட்டும் மாற்றி, தேறியதைத் தேற்றி, தங்கள் கைத்தடம் தெரியாமல் விலகி நிற்பது பெரிய கலை. அந்தக் கலைக்கு இவ்வூரில் நல்ல விளைநிலம் உண்டு. 1984-இல் தொடங்கிய இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை பழைய வீடுகளைக் காக்கும் பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது. வைசியாள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமுமாக ஒரு தெருவின் முகப்பையே மீட்டெடுத்த முயற்சிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

பழைய வீடு ஒன்று பிழைத்திருக்க மிக நல்ல வழி, அதில் மனிதர்கள் உறங்கி எழுந்து புழங்குவதுதான். அடுத்த முறை புதுச்சேரி போனால், ஓர் இரவாவது வாய்க்காலுக்கு மேற்கே தங்குங்கள். பயணப்பையை அறையில் வைத்ததும் வெளியே கிளம்பிவிடாதீர்கள். முற்றத்தில் உட்கார்ந்து, தூணிலிருந்து போதிகைக்கும், போதிகையிலிருந்து உத்திரத்துக்கும் கண்ணை மெல்ல ஏறவிடுங்கள். ஊரில் பார்க்க வேண்டிய இடங்களில் முதன்மையானது நீங்கள் தங்கியிருக்கும் அந்த வீடுதான்.