மருமகன் இன்னும் வாசலில் நிற்கிறான்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ நூலை அங்கத இலக்கியமாகவே படித்தும் நடத்தியும் பழகியிருக்கிறோம். அவருடைய தேரூர் எங்கள் அஞ்சுகிராமத்திலிருந்து அப்படியொன்றும் தொலைவில்லை. இந்த மண்ணில் இருந்துகொண்டு படிக்கும்போது அது எனக்கு ஒரு வாரிசுரிமை ஆவணமாகத் தெரிகிறது. வீட்டுத் தலைவன் செத்தால் சொத்து யாருக்கு, நடுத்தெரு யாருக்கு? சிரிப்புக்கு அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

கதையைச் சொல்பவள் பஞ்சகல்யாணிப் பிள்ளையின் ஐந்தாம் மனைவி. அன்றைய நாஞ்சில்நாட்டு வேளாளர் வழக்கப்படி காரணவரின் சொத்து அவருடைய சகோதரி மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்றொரு சிறு பங்கு. மனைவிக்கு நங்குடைமை என்று பிழைப்புக்குக் கொஞ்சம். கட்டியவளும் பிள்ளைகளும் அந்த வீட்டில் விருந்தாளிகள்.

இந்த அநியாயத்தைப் பெண் குரலில் பேசவைத்தது கவிமணியின் துணிச்சல். ஆனால் அந்தக் குரல் யார்மீது கோபப்படுகிறது? ‘மாமி அரசியற் படலம்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. மாமியின் அரசு அடுக்களையோடு சரி. நிலத்தையும் வழக்கையும் நடத்தியவர் காரணவர். பெண்வழி என்று பெயர், ஆள்வது ஆண். மாமனிடமிருந்து மருமகனுக்குச் சொத்து கடந்துபோகும் பாலமாகத்தான் சகோதரி இருந்தாள். மான்மியம் மனைவியையும் மாமியையும் எதிரெதிரே நிறுத்துகிறது. இருவர் கையிலும் ஏன் நிர்வாகம் இல்லை என்று கேட்பதில்லை.

1926இல் திருவிதாங்கூரின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. இன்று ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. ஐந்தாம் மனைவியின் அழுகைக்கு இது ஒரு பதில்.

செத்தது பெண்ணாக இருந்தால்? அதே சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படியுங்கள். முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் பெற்ற தாயும் தகப்பனும். பிள்ளையில்லாதவளுக்குப் பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும் தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவளே உழைத்துச் சேர்த்தது திரும்பாது.

ஓம்பிரகாஷ் – ராதாசரண் வழக்கில் இதைக் கண்டோம். திருமணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண். தாய்வீடு அவளைப் படிக்கவைத்தது. வேலைக்குப் போனாள், சேமித்தாள், 1996இல் உயில் எழுதாமல் இறந்தாள். அந்த வங்கிப் பணமும் சேமநல நிதியும் கணவனுடைய சகோதரியின் மகன்களுக்கே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்பது அதன் நிலை.

சகோதரியின் மகன்கள்! மான்மியத்தில் சொத்துக்கு வந்து நின்ற அதே உறவு. அன்று கணவனின் சொத்துக்கு வந்தான். இப்போது அவளுடைய சம்பளத்துக்கே வருகிறான். வழக்கம் போய்ச் சட்டம் வந்தும், பெண்ணைக் கணவன் வழியாகவே பார்க்கும் கண் மாறவில்லை.

கணக்கில் பங்கு இருந்தாலும் கைக்கு வருவதில்லை என்பது இன்னொரு கதை. அப்பாவின் காரியம் முடிந்ததும் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழில் மகள் பெயர் ஏறும். அடுத்த மாதமே விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்து விழும். “உனக்குத்தான் நகை போட்டாச்சே மக்கா” என்ற ஒரு வார்த்தையில் சட்டம் ஓய்ந்துவிடும்.

மான்மியம் நடத்தும் நாட்களில் மாணவிகளிடம் உயிலைப் பற்றியும் பேசுகிறேன். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். சம்பளம் வாங்கும் ஒவ்வொரு பெண்ணும், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், அந்த ஒரு பக்கத்தை எழுதி வைக்கட்டும். பிரிவு 15ஐ மாற்றச் சொல்லிக் கேட்பதையும் அதற்காக நிறுத்த வேண்டாம்.