ஒழுங்கின்மையுள் ஓர் ஒழுங்கு: 'ட்றவுட் மாஸ்க் றெப்பிளிக்கா' பற்றிய ஒரு விமர்சன நோக்கு

'பரிசோதனை' என்னுஞ் சொல் கலை விமர்சனத்தில் மிக எளிதாகக் கையாளப்படுவதொன்று. விளங்காத எதனையும் பரிசோதனை எனப் போற்றுவாரும் உளர். விளங்காத காரணத்தாலேயே அதனைப் பித்தலாட்டம் எனத் தள்ளுவாரும் உளர். ஆக்கத்தை அணுகி ஆராய்வதில்லை என்னும் வகையில் இவ்விரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். மேலைத்தேய றொக் இசையிலே இவ்விரு வகை அலட்சியத்துக்கும் அதிகம் ஆளான ஆக்கம் ஒன்று உண்டு. கப்டன் பீவ்ஹாட்டும் அவரது 'மஜிக் பான்ட்' குழுவினரும் 1969இல் வெளியிட்ட 'ட்றவுட் மாஸ்க் றெப்பிளிக்கா' என்னும் இரட்டை இசைத்தட்டே அது. இருபத்தெட்டு உருப்படிகளைக் கொண்ட இதனை ஆற அமர நோக்குவதும், அதனைச் சூழ்ந்து வளர்ந்துள்ள கதைகளிலிருந்து உண்மையைப் பிரித்தறிய முயல்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்டன் பீவ்ஹாட் என்பது புனைபெயர். டொன் வான் விலீற் என அறியப்பட்ட இக்கலைஞர் 1941இல் கலிபோர்னியாவிலே பிறந்து, மொஹாவிப் பாலைவனத்தை அண்டிய லங்காஸ்ரர் என்னும் ஊரில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்து நண்பரான பிராங் சப்பாவே பின்னர் இவ்விசைத்தட்டின் தயாரிப்பாளரானார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையே பீவ்ஹாட்டின் அடித்தளம். ஹவ்லிங் வுல்வ் என்னும் புளூஸ் பாடகரின் கரகரத்த, உறுமுங் குரலை நினைவூட்டுவது அவர் குரல். 1967இல் வெளிவந்த முதல் இசைத்தட்டான 'சேவ் அஸ் மில்க்' இவ்வடித்தளத்திலிருந்து அதிகம் விலகாதது. இரண்டே ஆண்டுகளில் அதே குழு முற்றிலும் வேறானதோர் இசையை வந்தடைந்தது எவ்வாறு என்பதே நம்முன் எழும் முதல் வினா.

இவ்விசைத்தட்டை முதன்முறை கேட்போர் திகைப்பது இயல்பே. இரு கிற்றார்கள், ஒரு பேஸ் கிற்றார், மேளத் தொகுதி ஆகிய நான்கும் வெவ்வேறு அறைகளிலிருந்து வெவ்வேறு பாடல்களை ஒரே வேளையில் வாசிப்பன போலத் தோன்றும். நாம் எதிர்பார்க்கும் பல்லவி திரும்பி வராது. காலாற் தட்டிச் செல்லக்கூடிய தாளம் கிட்டாது. ஆயினும் மூன்றாம் முறை, நான்காம் முறை கேட்கும்போது செவிக்கு ஓர் உண்மை புலப்படத் தொடங்குகிறது. இங்கு எதுவும் அந்தந்தக் கணத்தின் தற்செயலன்று. ஒவ்வொரு கருவிக்கும் வரையறுத்த சிறு இசைத்தொடர் உண்டு. அத்தொடர் மாறாது மீள்கிறது. தொடர்களின் நீளங்கள் ஒவ்வாமையே குழப்பம் போலத் தோன்றுவதற்குக் காரணம். உதாரணமாக, ஒரு கிற்றாரின் தொடர் மூன்று எண்ணிக்கையினதாகவும் மற்றையதன் தொடர் ஐந்து எண்ணிக்கையினதாகவும் அமையுமாயின், அவை பதினைந்து எண்ணிக்கைக்கு ஒருமுறையே ஒன்றுகூடும். அதுவரை அவை விலகியும் நெருங்கியும் செல்லும். சில இடங்களில் அக்கூடுகை நிகழும் கணத்தில் கேட்பவர் பெருமூச்சு விடுகிறார். சில இடங்களிலோ கூடுமுன்னரே அடுத்த பகுதி அறுத்துக்கொண்டு தொடங்கிவிடுகிறது. முதல் உருப்படியான 'பிறவுன்லான்ட்' இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு.

கிற்றார் வாசிப்பு முறையும் தனித்து நோக்கத்தக்கது. அக்காலத்து றொக் இசையில் கிற்றார் இரு பணிகளையே பெரும்பாலும் ஆற்றியது: பாடகருக்குப் பக்கபலமாகச் சுரக்கோவைகளை ஒலித்தல், இடையே நீண்ட தனி வாசிப்பாற் திறமை காட்டுதல். இவ்விசைத்தட்டில் பில் ஹார்க்கிள்றோட், ஜெவ் கொற்றன் என்னும் இருவரும் இவ்விரு பணிகளையும் பெரும்பாலும் துறக்கின்றனர். முதன்மைக் கிற்றார், துணைக் கிற்றார் என்னும் பாகுபாடு இங்கில்லை. தந்திகள்மீது குழாயை வழுக்கி வாசிக்கும் புளூஸ் மரபின் முறை இங்கும் பயன்படுகிறது. ஆனால் அதன் இழைவும் இரக்கமும் அகற்றப்பட்டு, கூரிய, உலோகத்தன்மையான துணுக்குகளாக அது உடைக்கப்படுகிறது. 'டாலீஸ் கார்' என்னும் குறுகிய உருப்படியில் இரு கிற்றார்கள் மட்டுமே உரையாடுகின்றன. இதனைக் கேட்போர் ஏனைய உருப்படிகளின் நெருக்கடிக்குள்ளும் கிற்றார்களைப் பின்தொடரக் கற்றுக்கொள்வர். புதிதாகக் கேட்பவருக்கு நாம் பரிந்துரைக்கக்கூடிய வாயிலும் இதுவே.

இவ்விசை உருவான முறை ஆக்கத்தைப் போன்றே விசித்திரமானது. பியானோ வாசிப்பில் முறையான பயிற்சியற்ற பீவ்ஹாட், பியானோவில் அமர்ந்து தமக்குத் தோன்றிய துணுக்குகளை வாசித்தார். மேளக்காரரான ஜோன் பிரெஞ்ச் அவற்றைச் சுரப்படுத்தி எழுதி, கருவிகளுக்குப் பங்கிட்டு, ஏனையோருக்குக் கற்பித்தார். பியானோவுக்குப் பத்து விரல்கள். கிற்றாருக்கு ஆறு தந்திகள். ஒன்றில் இயல்பாக எழுந்ததை மற்றொன்றில் வாசிக்கக்கூடியதாக மாற்றுவது எளிய காரியமன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வுட்லன்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் இப்பயிற்சி நீடித்தது. அதன் பயன் வியப்புக்குரியது: குழுவினர் ஒலிப்பதிவுக்கூடத்திற் புகுந்து, இருபதளவான உருப்படிகளின் வாத்தியப் பகுதிகளை ஏறத்தாழ ஆறு மணி நேரத்துள் பதிவு செய்து முடித்தனர். கட்டுப்பாடற்ற கூச்சல் எனச் சிலராற் கருதப்படும் இசை, உண்மையில் றொக் வரலாற்றிலே மிகக் கடுமையாக மனனஞ் செய்யப்பட்ட இசைகளுள் ஒன்றாகும்.

இவ்விறுக்கமான கட்டமைப்பின்மீது குரல் மட்டும் கட்டற்று உலாவுகிறது. காதொலிக்கருவி அணிய மறுத்த பீவ்ஹாட், கண்ணாடித் தடுப்பினூடே கசிந்து வந்த ஒலியை மட்டும் கேட்டுப் பாடினார். ஆகவே குரலும் இசையும் ஒன்றையொன்று தொட்டுந் தொடாமலும் செல்கின்றன. சொற்களிற் பெரும்பகுதி ஒலிவிளையாட்டும் கனவுக் காட்சிகளுமே. எனினும் இதனை உலகை மறந்த கலை எனக் கூறுதல் பொருந்தாது. 'டாக்காவ் புளூஸ்' நாசிகளின் வதைமுகாமை நினைவுகூர்ந்து மூன்றாம் உலகப் போர் பற்றிய அச்சத்தை எழுப்புகிறது. இறுதி உருப்படியான 'வெற்றரன்ஸ் டே பொப்பி', போரில் மகனை இழந்தவரின் குரலில், நினைவுதின மலரால் இறந்தவனை மீட்க முடியாது என்கிறது. வியட்நாம் போரின் உச்சக்கட்டமான 1968இல் பதிவான பாடல் இது என்பதை மறத்தலாகாது.

இனி, இவ்விசைத்தட்டை வியப்போர் பெரும்பாலும் கடந்து செல்ல விரும்பும் பகுதிக்கு வருவோம். அவ்வீட்டில் வாழ்ந்த இசைஞர்களிற் பலர் இருபது வயதளவினர். பின்னர் ஹார்க்கிள்றோட் 1998இலும் பிரெஞ்ச் 2010இலும் வெளியிட்ட நூல்கள் அங்கு நிலவிய வறுமையையும் பசியையும், தலைவரின் அடக்குமுறையையும், உள ரீதியானதும் உடல் ரீதியானதுமான துன்புறுத்தல்களையும் விரிவாகக் கூறுகின்றன. பிரெஞ்ச் ஈற்றில் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். இசைத்தட்டு வெளிவந்தபோது அதன் உறையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. இசையை எழுதியவரும் கற்பித்தவரும் மேளம் வாசித்தவரும் ஆகிய ஒருவர், அதன் வெளியீட்டிற் பெயரற்றவராக்கப்பட்டார். மறுபுறம், பீவ்ஹாட் முழு இசையையும் சில மணி நேரத்தில் தாமே இயற்றியதாகவும், வாசிக்கவறியாதோருக்குத் தாமே கற்பித்ததாகவும் நேர்காணல்களிற் கூறிவந்தார். தனிமனித மேதை பற்றிய கதையை விரும்பும் பத்திரிகை உலகம் இதனை நெடுங்காலம் நம்பியது.

இங்கு இருவகைத் தவறான முடிவுகளுக்கு இடமுண்டு. துன்பமே இக்கலையைப் பிறப்பித்தது, ஆதலால் அது மன்னிக்கத்தக்கது என்பது ஒன்று. பசித்த வயிறு விரல்களுக்கு எப்பயிற்சியையும் தருவதில்லை. எட்டு மாத உழைப்பே தந்தது. உழைப்பையும் கொடுமையையும் ஒன்றெனக் கொள்வது கொடுமை செய்வோருக்கே வசதியானது. பீவ்ஹாட் வெறும் ஏமாற்றுக்காரர், இசை முழுவதும் ஏனையோருடையதே என்பது மற்றது. இதனையும் வரலாறு ஆதரிக்கவில்லை. 1974இல் பழைய இசைஞர்கள் பிரிந்தபின், கூலிக்கு அமர்த்திய கலைஞர்களுடன் பீவ்ஹாட் வெளியிட்ட 'புளூஜீன்ஸ் அன்ட் மூன்பீம்ஸ்' வலுவிழந்த படைப்பு. பிரிந்து சென்றோர் அமைத்த 'மல்லார்ட்' குழுவும் பழைய உயரத்தை எட்டவில்லை. கற்பனையும் கைத்திறனும் இணைந்த இடத்திலேயே இவ்விசை பிறந்தது. ஆனால் புகழ் ஒருவருக்கே பங்கிடப்பட்டது.

இவ்விசைத்தட்டு வெளியான காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிற் பெரிதாக விற்பனையாகவில்லை. பிரித்தானியாவில் விற்பனைப் பட்டியலின் 21ஆம் இடம்வரை உயர்ந்தது. பிற்காலத்தில் 'த வோல்' போன்ற புதிய அலைக் குழுக்களிலே அதன் சாயல் படிந்தது. 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தனது தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதனைச் சேர்ப்பதாக அறிவித்தது. அதற்குச் சில மாதங்களின் முன், 2010 டிசம்பரில், இசையைத் துறந்து ஓவியராக வாழ்ந்த வான் விலீற் காலமாகியிருந்தார்.

குறைகள் இல்லையா எனின், உண்டு. ஏறத்தாழ எண்பது நிமிடங்கள் நீளும் இதில் சில உருப்படிகள் ஒரே உத்தியைச் சலிப்புறும்வரை மீட்டுகின்றன. சில ஒலிவிளையாட்டுகள் வெறும் விளையாட்டாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும் நம் செவியின் பழக்கங்களை இயற்கை விதிகள் என எண்ணியிருக்கும் நம்மை, அவை வெறும் பழக்கங்களே என இவ்விசை உணர்த்துகிறது. பரிசோதனைக் கலையின் உண்மையான பயன் அதுவே. அதனோடு இன்னொரு பழக்கத்தையும் நாம் கைவிடவேண்டும்: உறையில் அச்சிட்ட பெயரை மட்டும் வாசித்து அமையும் பழக்கம். இவ்விசைத்தட்டைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், பெயர் குறிக்கப்படாத அம்மேளக்காரரின் கைகளே அதன் நடையை நடத்திச் செல்கின்றன என்பதை நினைவிற் கொள்வது, காலங்கடந்தேனும் நாம் செய்யக்கூடிய நியாயமாகும்.