பதினேழாம் தேதிச் சங்கீதம்

என் கல்யாணத்துக்கு மறுநாள் 17-ஆம் தேதி. மண்ணூர்பேட்டை வீடு நிறைய உறவுக்காரர்கள், பந்தல்கூடப் பிரிக்கவில்லை. விடிந்ததும் அப்பா வழக்கம்போல எழுந்து நின்று அன்றைய சங்கீதங்களை வாய்விட்டு வாசித்தார்: 86, 87, 88. அந்த 88 இருக்கிறதே, சங்கீதப் புத்தகத்திலேயே இருண்டது அதுதான். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியிலாவது வந்து நிற்கும். இதுவோ இருளில் தொடங்கி இருளிலேயே முடிந்துவிடும்.

புதுப்பெண் முகத்தைப் பார்த்த அம்மாவுக்குத் தாங்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா இன்னைக்காவது வேற வாசிக்கக்கூடாதா?" என்றாள்.

"இன்னைக்கு எங்கயோ அழுதுக்கிட்டு இருக்கிறவங்க இருப்பாங்கல்லா, அவங்களுக்கும் சேர்த்துதான் வாசிக்கேன்" என்றார் அப்பா.

தினமும் சங்கீதம் வாசிப்பதில் எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றை எடைபோட எனக்குக் கிடைத்த தராசு அந்த ஒரு பதில்தான்.

ஆகப் பழைய வழி மடங்களுடையது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கில் 150 சங்கீதங்களும் ஒரு வாரத்தில் முடிந்தாக வேண்டும். முன்னோர் ஒரே நாளில் முடித்ததை நாம் வாரத்திலாவது முடிக்க வேண்டாமா என்று அவர் தம் துறவிகளைக் கேட்கிறார். எழுத்தறியாத எளியவர்கள் 150 சங்கீதத்துக்கு ஈடாக 150 முறை மங்கள வார்த்தை ஜெபம் சொன்னார்கள். ஜெபமாலை வளர்ந்ததில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு. கத்தோலிக்கரின் திருப்புகழ்மாலை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் 4 வாரச் சுற்றாக மாறியது. அப்போது பகைவரைச் சபிக்கும் 58, 83, 109 ஆகிய மூன்றையும் விட்டுவிட்டார்கள். காரணம் புரிகிறது. ஆனாலும், அநியாயத்தில் நசுங்கிய ஒருவன் தன் ஆத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் கொட்டாமல் கடவுள் முன்னால் கொட்டுவதற்கு இருக்கும் இடத்தை ஏன் அடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அப்பாவுடையது ஆங்கிலிக்கன் வழி. 1549-இல் கிரான்மர் தொகுத்த பொது ஜெபப்புத்தகம் சங்கீதங்களை மாதத்தின் 30 நாளுக்கு, காலையும் மாலையுமாகப் பங்கிட்டது. மிஷனரிகளோடு திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பின்னும் சில வீடுகளில் நிலைத்துவிட்டது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த தெற்கத்திக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. டிரங்குப் பெட்டியோடு இந்தப் பழக்கமும் வந்தது. 15-ஆம் தேதி மாலை 78-ஆம் சங்கீதம், 72 வசனம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பிலும் அப்பா அதைக் குறைத்ததில்லை. 176 வசனமுள்ள 119-ஐ 24-ஆம் தேதி மாலை தொடங்கி 26-ஆம் தேதி மாலைவரை ஐந்து வேளையில் முடிப்பார்.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் வேறு பல வீடுகளிலும் தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. சுலபமான கணக்கு, எங்கள் தெருவில் அதைத் தவறாமல் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். பயணத்துக்கு 121, பயத்துக்கு 91, சாவு வீட்டில் 23 என்று தேவைக்குத் தேடி எடுப்பதும் பரவலான வழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன், தவிக்கும்போது கை அங்கேதான் போகும். ஆனால் அது மட்டுமே போதுமென்று இருந்துவிட்டால் நம் மனநிலைக்குத் தோதான நாலைந்து சங்கீதங்களே மிஞ்சும். வரிசையாக வாசிக்கிறவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. சிரிக்கிற நாளில் புலம்பல் வரும், துக்க நாளில் துதி வரும். அடுத்தவர் நிலையில் நின்று வாய் திறக்க அங்கேதான் பழகுகிறோம்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் ஒரு கேள்வி. வேப்பேரியில் ஊழியம் செய்த ஃபப்ரிசியஸின் தமிழை லுத்தரன் சபையார் நெடுங்காலம் விடவே இல்லை. ஹென்றி பவர் குழுவின் 1871-ஆம் ஆண்டுத் திருப்புதல்தான் எங்கள் வீட்டு வேதம். கத்தோலிக்கர் கையில் 1995-இல் வந்த திருவிவிலியம். அதில் சங்கீதம் திருப்பாடல் ஆகிறது, கர்த்தர் ஆண்டவர் ஆகிறார். படித்ததும் விளங்குவதில் திருவிவிலியம் தெளிவு. வாய்விட்டு வாசிக்கும்போது மூச்சுக்கு இசைவது பழைய திருப்புதல் என்பது என் காது சொல்லும் தீர்ப்பு.

வாய்விட்டு வாசிப்பதில் ஒரு நுணுக்கம். சங்கீத வசனம் பெரும்பாலும் இரண்டு பாதி. முதல் பாதி சொன்னதை இரண்டாவது வேறு சொல்லில் திரும்பச் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். நடுவில் ஒரு மூச்சு விட வேண்டும். ஆலயத்தில் ஆயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிக்கையில் அந்த மூச்சை விழுங்கி ஓடிவிடுகிறோம். சங்கீதங்களில் 71 இடத்தில் வரும் 'சேலா' என்ற எபிரெயச் சொல்லைப் பொருள் தெரியாமல் அப்படியே தமிழில் வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கான குறிப்பாக இருக்கலாம் என்பார்கள். அப்பா அதை உச்சரிக்க மாட்டார். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டு தொடர்வார்.

அவருடைய வேதப்புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. 88 இருக்கும் தாளின் ஓரத்தில் மெஷின் எண்ணெய்க் கறை, கட்டைவிரல் அகலத்துக்கு. அந்தச் சங்கீதத்தில் 'சேலா' இரண்டு இடத்தில் வருகிறது. 17-ஆம் தேதிகளில் நானும் அங்கே நிறுத்துகிறேன்.