மேக்பையும் குண்டுக்கரிச்சானும்

ஆங்கிலத்தில் ‘மேக்பை ராபின்’ எனப்படும் பறவையைத் தமிழிலும் ‘மேக்பை’ என்றே எழுதுவோர் உளர். இது பொருந்துமா? ‘மேக்’ என்பது மார்கரெட் என்னும் பெண்பெயரின் குறுக்கம், வாயாடியைச் சுட்டுவது. ‘பை’ இலத்தீன் ‘பிக்கா’வின் வழிவந்தது. மேக்பை காக்கைக் குடும்பத்துப் பறவை. பேராக்கின் தோட்டப்புறங்களில் விடியலிற் பாடும் பறவையோ ஈப்பிடிப்பான் குடும்பத்தது; மேக்பையுமன்று, ராபினுமன்று. கறுப்பு வெள்ளை நிறங் கண்ட ஆங்கிலேயர், தம் நாட்டுப் பறவைகளின் பெயரை இதற்கு இட்டனர். அவ்வழுவை நாமும் சுமப்பானேன்?

மலாய்க்காரர் இதனை ‘முராய்’ என்பர்; ஓயாது பேசுவோரை ‘முராய் வாய்’ என்றலும் அவர் வழக்கு. அவர் நோக்கியது ஒலியை. தமிழ்ப் பெயரோ ‘கரி’ என நிறத்தைச் சுட்டும்.

நம்மிடை வழங்கும் ‘வண்ணாத்திக்குருவி’ ஒரு குலத்தாரைச் சுட்டுவதால் வகுப்பறைக்கு ஏலாது. அக்குலத்துப் பிள்ளையும் அங்கு அமர்ந்திருக்கும். ‘கரிச்சான்’ என்று மட்டும் கூறின், இரட்டைவால் குருவியோடு மயங்கும். ‘குண்டு’ என்னும் அடை சேரின் அம்மயக்கம் நீங்கும். ஆதலின் ‘குண்டுக்கரிச்சான்’ என்பதே தக்க பெயர். பாடும் பறவையைக் காட்டி ஆசிரியர் இப்பெயரைச் சொல்வாராயின், மாணவர் பறவையையும் மறவார், சொல்லையும் மறவார்.